மாலையில் இறங்கும் முள்

எங்கள் லாரியின் மீட்டர் போர்டில் உயிரோடு இருந்தது ஆயில் பிரஷர் முள் ஒன்றுதான். வேகம் காட்டும் முள் எப்போதோ படுத்துவிட்டது. டீசல் முள், டாங்கி நிரம்பி வழிந்தாலும் காய்ந்து கிடந்தாலும் பாதியிலேயே நிற்கும். எஞ்சின் சூட்டைக் காட்டவேண்டிய மீட்டரின் கண்ணாடிக்குள் ஒரு எறும்பு செத்துக் கிடக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் முழுச் சுற்று ஓடி முடித்து, மறுபடி பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் சலித்துப்போய் நின்றுவிட்டன.

எங்கள் டிரைவருக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. வேகத்தைச் சத்தத்தில் தெரிந்துகொள்வார். டீசலுக்கு டாங்கிக்குள் குச்சி விடுவார். ஆயில் பிரஷர் மட்டும் அப்படிப் பிடிபடாது. எஞ்சினுக்குள் எண்ணெய் போதுமான அழுத்தத்தோடு ஓடாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி ஒரு கட்டத்தில் எஞ்சினே இறுகி நின்றுவிடும். அதற்குப் பிறகு தெரிந்து யாருக்கு என்ன லாபம்? அதனால் ரோட்டைப் பார்க்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் அந்த ஒரு முள்ளைத்தான் பார்ப்பார். பொண்டாட்டி முகத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் கேலி செய்வதுண்டு.

திண்டுக்கல்லில் எங்களுக்குத் தோல் வியாபாரம். ஆட்டுத்தோலை வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, லாரியில் ஏற்றி வாணியம்பாடிப் பக்கம் அனுப்புவோம். லாரி என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் புதிதாக வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதே டிரைவர். ஆத்தூர்க்காரர், வீட்டில் கொஞ்சம் தென்னையும் காய்கறியும் உண்டு. தம்பிமார் அதைப் பார்த்துக்கொள்ள, இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் சரக்கோடு கூடவே போவார். டிரைவர் அவரை "பாய்" என்பார், என்னை "அக்கா" என்பார். இருவரும் சேர்ந்து போன தூரத்தைத்தான் அந்த எண்கள் எண்ணி எண்ணிக் களைத்துப்போயின.

பிறகு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாக்கும் தடித்துவிட்டது. ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். லாரியில் ஏறுவது என்கிற பேச்சே இல்லை. மண்டியையும் லாரியையும் நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வியாபாரம் வரும், பொறுமை வராது. இரண்டையும் ஊரே சொல்லும்.

லாரி வெளியே போயிருக்கும் நாட்களில், பொழுது சாய்ந்ததும், மஃரிப் தொழுகை நேரத்துக்கு, டிரைவரிடமிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரு மிஸ்டு கால் வரும். போன் ஒரு தடவை அடித்து அடங்கும். அவர் அதை இடது கையால் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். அதன் பிறகுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொழத் தொடங்குவார். வண்டி பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லும் ஏற்பாடு போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆண்களுக்குள் இருக்கும் இந்த மாதிரிச் சங்கதிகளை நான் தோண்டித் துருவுவதில்லை.

முள் இறங்கும் கதை போன கோடையில் ஆரம்பித்தது. டிரைவர் மண்டிக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நின்றார். அவர் நின்றாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் சாதாரணமாக மாட்டிய கையோடு போய்விடுவார்.

"அக்கா, சாயந்தரமானா ஆயில் பிரஷர் இறங்குதுக்கா. காலையில நல்லா நிக்குது. பொழுது சாயவும் பொசுக்குன்னு கீழ போயிருது. வண்டிய ஓரங்கட்டி நிறுத்தி, செத்த நேரம் ஆறப்போட்டு எடுத்தா ஏறிக்கிருது."

"அப்ப ஆறப்போட்டு ஓட்டுங்க தம்பி" என்றேன். தோலைப் பிரித்துத் தரம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்த லோடு முடிந்து வந்து அதையே சொன்னார். அதற்கடுத்த லோடுக்கும் சொன்னார், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அதிகமாக இறங்குகிறது என்று. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். பகல் முழுக்க வெயிலில் ஓடி எஞ்சின் கொதிக்கிறது, எண்ணெய் இளகித் தண்ணீராகிறது, உள்ளே பேரிங்கெல்லாம் தேய்ந்திருப்பதால் அழுத்தம் நிற்காமல் ஒழுகிப்போகிறது. ஆறினால் எண்ணெய் கெட்டியாகிறது, முள் ஏறுகிறது. வயசான எஞ்சினுக்கு இது சாவு மணி என்றார் டீக்கடையில் ஒருவர். அவர் லாரியில் ஏறியதே கிடையாது.

என் கொழுந்தனுக்கு மண்டியில் பங்கு உண்டு. அவர் வீட்டுக்கே வந்து பேசினார். "மதினி, எஞ்சினை வெளிய இறக்கிப் பிரிச்சா அதோட முடியாது. கெழட்டு வண்டிக்கு வைத்தியம் பாத்தா கை சுட்டுரும். இறக்கணும்னு வந்துச்சுன்னா வித்துருவோம். இனிமே வாடகை வண்டியில அனுப்பிக்கலாம்." அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நானும் சரி என்றேன்.

ஆக, எஞ்சினைத் திறக்கவேண்டி வந்தால் லாரி போய்விடும். லாரி போனால் டிரைவருக்கும் வேலை போய்விடும். இது அவருக்குத் தெரியும், நானே சொன்னேன். கேட்டுவிட்டு, "சரிக்கா" என்றார். அடுத்த லோடு போய்விட்டு வந்து, சாவியை மாட்டிவிட்டு, வழக்கம்போல நின்றார். "இன்னைக்கும் இறங்கிருச்சுக்கா."

அந்த மனிதரைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தால் போதும். முள் எங்கே நிற்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. மற்ற டிரைவர்கள் அவருக்கு நல்ல நல்ல யோசனையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மீட்டருக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிடு, மனசுக்கு நிம்மதி என்றார் ஒருவர். கெட்டி ஆயிலாக ஊற்று, முள் தானாக எழுந்து நிற்கும் என்றார் இன்னொருவர். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, தன் வேலைக்கே உலை வைக்கும் செய்தியை, தபால்காரர் மாதிரி ஒவ்வொரு தடவையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், கோபமும் வந்தது. கொழுந்தன் ஒரு ஆளைக் கூட்டிவந்தார், பழைய லாரிகளை வாங்குகிறவர். காலை நேரம். மண்டி வாசலில் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், கதவைத் தட்டினார். டிரைவர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். முள் ஜம்மென்று எழுந்து நின்றது. வந்தவர் கேபினுக்குள் தலையை நீட்டிப் பார்த்து, "அட, பிரஷர் பரவாயில்லையே!" என்றார்.

"இப்பப் பரவாயில்லைங்க. சாயந்தரம் இறங்கிரும்" என்றார் எங்கள் டிரைவர், ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே.

கொழுந்தன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பச்சை மிளகாயைக் கடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். வந்த ஆள் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான். கொழுந்தனும் தன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மிச்சமிருந்த சத்தத்தை எல்லாம் நான் போட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது சொல்லக்கூடாதா? நாலு பேரு முன்னாடி இப்படியா போட்டு உடைப்பீங்க?" என்று கத்தினேன்.

அவர் கீழே இறங்கி நின்றார். "வாங்குறவரு ராத்திரியில லோடோட எங்கயாச்சும் நின்னுருவாருக்கா" என்றார். "பாய் வண்டின்னு சொல்லித்தான திட்டுவாரு."

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சரியாக இருக்கிற பாதி வாயால் அவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "அவன்... அப்புடித்தான்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆனாலும், சொல்லி முடித்தபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

விற்பதானாலும் என்ன கோளாறு என்று தெரிந்து, சொல்லி, விற்போம் என்று முடிவு செய்தேன். பழனி ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பெருமை பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த மாவட்டத்தில் ஓடும் எஞ்சின்களில் பாதி தன் கையால் பிழைத்தது என்பார், மிச்சப் பாதி தன்னிடம் வராமல் கெட்டது என்பார். கழுத்தில் துண்டு, நெற்றி நிறைய விபூதி, வாய் ஓயாது. டிரைவரை முன்னால் லாரியில் போகச் சொல்லிவிட்டு நான் ஆட்டோவில் போனேன்.

"எஞ்சினை இறக்கணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன் போய் இறங்கியதும் இறங்காததுமாக.

"ஏனுங்கக்கா, காய்ச்சல்னு வந்தவனை நாக்கை நீட்டச் சொல்றதுக்கு முன்னாடி வயித்தைக் கிழிப்பாங்களா?" என்றார். "செத்த உக்காருங்க. டீ வருமுங்க."

அந்த மனிதர் வேலை பார்த்ததை நான் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்தேன். என் அவசரத்துக்கும் அவர் கைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் எண்ணெய் அளவுக்கோலை உருவி, எண்ணெயை உள்ளங்கையில் இழுவிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். கையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தால் எண்ணெயில் பித்தளைப் பொடி மின்னுமாம். மின்னவில்லை. பிறகு மோந்து பார்த்தார். டீசல் கலந்திருந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும், வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்றார். வாடையும் இல்லை. ஆயில் பில்ட்டரைக் கழற்றி, ரம்பத்தால் அறுத்து, உள்ளேயிருந்த மடிப்புக் காகிதத்தைப் பழைய பேப்பர் மேல் துணி காயப்போடுவதுபோல விரித்தார். காந்தத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டினார். அரிசியில் கல் பார்க்கும்போது எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால் வீட்டில் பாதிச் சண்டை வந்திருக்காது.

"இவ்வளவு ஓடின எஞ்சின்லீங்க இவ்வளவு சுத்தம்! ஆயில் மாத்தறது யாருங்க?" என்று கேட்டார்.

"நாந்தேன்" என்றார் எங்கள் டிரைவர்.

மெக்கானிக் அவரை ஒரு பார்வை பார்த்தார். தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வந்த டீயில் முதல் கிளாஸை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார். எனக்கு இரண்டாவதுதான் கிடைத்தது.

அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையை வைத்துக் காற்றை மறைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் கொதிக்கவைத்தார். வெயிலில் ஓடிய எஞ்சின் எப்படி இருக்குமோ அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்தார். முள் சற்றே தணிந்தது, ஆனால் விழவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஏறியது, விட்டால் தணிந்தது. எஞ்சின் மேல் ஒரு கம்பியை வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கம்பியைக் கழுத்துத் துண்டில் துடைத்தார்.

"வயசுக்குத் தகுந்த தளர்ச்சி இருக்குதுங்க. சீக்கு தெரியலீங்க" என்றார்.

"சாயந்தரம் இறங்கும்" என்றார் டிரைவர்.

"அதானுங்களே! அந்தச் சூட்டைத்தான் இப்பக் காமிச்சாச்சு, இறங்கக் காணோம். சூட்டுல இறங்காதது சாயந்தரத்துல மட்டும் ஏன் இறங்குது? எஞ்சினுக்கு மணி பாக்கத் தெரியுமாக்கும்?"

இதைச் சொல்லிவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. அவ்வளவு பெருமைக்காரர், சும்மா 'இறக்கிப் பார்த்துவிடுவோம்' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், அவருக்கு வேலையும் கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக அலமாரியைத் திறந்து, கடிகாரம் போல வட்டமான ஒரு மீட்டரை எடுத்தார். அதற்கு வயர் கிடையாது. ஒரு நீளமான குழாய்தான். எஞ்சினிலிருந்து எண்ணெயே நேராக அதற்குள் வந்து முள்ளைத் தள்ளும். லாரியின் மீட்டருக்குச் சேதி அனுப்பும் வயர் கிளம்புகிற இடத்திலேயே ஒரு பிரிவு போட்டு, இதையும் பூட்டினார். ஒரே எண்ணெய், இரண்டு சாட்சி. அடுத்த லோடு போகும் சாயந்தரம் இரண்டும் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிடலாம் என்றார்.

"அடுத்த லோடு வரைக்கும் எனக்குப் பொறுக்காது. தோல் மண்டியில இருக்கு. இன்னைக்கே ஏத்துங்க, அய்யலூர் வரைக்கும் போயிட்டு வருவோம். நானும் வாரேன்" என்றேன்.

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்த லாரியால் பிழைக்கிறோமே தவிர, அதில் நான் ஏறியது அதை வாங்கிய அன்று மட்டும்தான்.

மண்டிக்குத் திரும்பித் தோலை ஏற்றி, லாரி போகிறது என்று வீட்டுக்கும் சொல்லியனுப்பினேன். துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு, டிரைவர் வைத்த ஸ்டூலில் கால் வைத்து, ஒருவழியாக ஏறினேன். கேபினுக்குள் உப்பும் தோலும் டீசலும் கலந்த வாடை. என் வீட்டுக்காரர் சட்டையில் இருந்த அதே வாடை. டிரைவருக்கு எதிரே போர்டின் மேல் பழனி முருகன் படம். அதன் பக்கத்தில், வண்டி வாங்கிய அன்று என் வீட்டுக்காரர் தன் கையால் திருகி மாட்டிய 786 தகடு. தகட்டைச் சுற்றி மட்டும் சின்னச் சின்ன சீரியல் பல்புகள் சுற்றியிருந்தன. அலங்காரம் போலிருக்கிறது, முருகனை விட்டுவிட்டு இதற்கு மட்டும் ஏன் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் மெக்கானிக் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். குழாயை எஞ்சின் மூடி வழியாக உள்ளே எடுத்து, சாக்கில் சுற்றி, மீட்டரை என் மடியில் வைத்தார்.

"புள்ளையைப் புடிக்கற மாதிரி புடிச்சுக்கோங்கக்கா" என்றார்.

திருச்சி ரோட்டில் ஏறினோம். போர்டில் ஒரு முள், என் மடியில் ஒரு முள். லாரி சுமையோடு முக்கினால் இரண்டும் சேர்ந்து தணியும், இறக்கத்தில் ஓடினால் சேர்ந்து எழும். சோடிப் புறா மாதிரி போய்க்கொண்டிருந்தன. மடியில் இருந்த குழாய் சாக்கையும் தாண்டிச் சுட்டது. வடமதுரை தாண்டியபோது மேற்கே வானம் சிவந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து விழுந்தால் எஞ்சின் போச்சு. கொழுந்தனுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், லாரியும் போகும். யா அல்லா, இந்தக் கிழவிக்காக அந்த முள்ளைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று உள்ளுக்குள் கேட்டேன்.

டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இன்னொரு கையைப் போர்டுக்கு அடியில் விட்டுக் கொஞ்சம் தடவினார். தகட்டைச் சுற்றியிருந்த பல்புகள் மினுக்கென்று எரிந்தன.

"இறங்குது! இறங்குதுக்கா!" என்றார் அடுத்த மூச்சில். போர்டில் இருந்த முள் சரிந்துகொண்டே போய் அடியில் படுத்தது. அவர் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க, ஓட்டுங்க!" என்று மெக்கானிக் கத்தினார். "அக்கா, உங்களுது?"

குனிந்து பார்த்தேன். என் மடியில் இருந்த முள் இருந்த இடத்தைவிட்டு ஒரு நூல்கூட அசையவில்லை. துணி தைக்கும்போது விரலைக் குத்திக்கொண்டவள் மாதிரி, "நிக்குது!" என்று கூவிவிட்டேன். "தம்பி, இப்ப என்ன சுவிட்சு போட்டீங்க?"

"லைட்டுதேன்."

"அணைங்க."

அவர் ஓரமாக நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கி அணைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் இருந்த முள் தூக்கம் கலைந்தவன் மாதிரி எழுந்து, பழைய இடத்துக்கு வந்து நின்றது. போடச் சொன்னேன், விழுந்தது. அணைக்கச் சொன்னேன், எழுந்தது. என் மடியில் இருந்தது இந்த விளையாட்டு எதிலும் சேரவில்லை.

மெக்கானிக் ஏற்கனவே டார்ச்சோடு போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தார். உள்ளேயிருந்தே சிரிக்கும் சத்தம் கேட்டது. "மீட்டரோட எர்த்து வயரும் இந்த லைட்டோட எர்த்து வயரும் ஒரே திருகாணியில மாட்டியிருக்குதுங்க. திருகாணிய உங்க தோல் உப்புத் தின்னு வச்சிருக்குது. லைட்டு எரியறப்ப மீட்டருக்குப் போதலீங்க, பாவம், படுத்துக்குது. உப்பு அரிக்க அரிக்க இன்னும் கீழ படுக்குது. எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க! இறக்க வேண்டாமுங்க!" தலையை வெளியே எடுத்தபோது நெற்றி விபூதியெல்லாம் கரியாகியிருந்தது. "மணி பாக்கத் தெரிஞ்சது எஞ்சினுக்கில்லீங்க, டிரைவருக்கு" என்றார்.

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"நிறுத்தி ஆறப்போடுறப்ப லைட்டையும் அணைச்சுருவேன்க்கா, பேட்டரி போயிரும்னு" என்றார், தனக்குள்ளே பேசுவதுபோல. "அதான் ஏறியிருக்கு. நான் ஆறுனதுல ஏறுதுன்னுல்ல நெனச்சேன்."

"அதை விடுங்க. இந்த லைட்டு எதுக்கு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் மகரிப்புக்கு வண்டிய நிறுத்தச் சொல்லி, ஓரமா தொழுகைப் பாய விரிச்சுத் தொழுவாருல்லக்கா. இருட்டுற நேரம். பின்னாடி வாரவனுக்கு ஆள் தெரியணும்னு நான் உள்ள லைட்டப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பாய் முடிச்சுட்டு வந்து, 'சரி, அணைச்சுட்டுக் கெளப்பு'ம்பாரு. அவுக வராமப் போனதும் அந்த நேரத்துக்கு வண்டி இருட்டாக் கெடந்துச்சு. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் அவுக மாட்டுன தகடச் சுத்திப் போட்டேன். போட்டதும் அவுகளுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துருவேன்."

லாரி போன நாளெல்லாம் அடித்து அடங்கிய அந்தப் போன், அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிரும் அவர், எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தானே நடந்தது! ஒரு ஆள் நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறார், இன்னொரு ஆள் எங்கோ ரோட்டில் அவருக்காக விளக்குப் போட்டுவைக்கிறார். இப்படி ஒரு நட்பு என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.

"நான் போட்ட லைட்டாலதான் வண்டியவே விக்கப் பாத்தீகளா" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் கையை நீட்டிப் பல்புச் சரத்தைப் பிடித்து இழுக்கப் போனார். அந்தக் கையில் சுள்ளென்று ஒரு அடி வைத்தேன். "அதுல கை வச்சீங்கன்னா நடக்குறதே வேற" என்றேன். மெக்கானிக்கிடம் திரும்பி, அந்த லைட்டுக்குத் தனியாக ஒரு வயர் போட்டுக் கொடுக்கச் சொன்னேன், உப்பு எட்டாத இடத்தில்.

அப்போது டிரைவரின் போன் அடித்தது. ஒரு தடவையோடு அடங்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். நடந்த அமளியில் மிஸ்டு கால் கொடுக்க மறந்துபோயிருந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

காதில் வைத்தேன். என் வீட்டுக்காரரின் மூச்சுத்தான் முதலில் கேட்டது. வார்த்தையை அவர் தள்ளுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"லை...ட்டு?"

நான் டிரைவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் சுவிட்சைப் போட்டார். தகட்டைச் சுற்றிப் பல்புகள் எரிந்தன. போர்டில் முள் கீழே படுத்தது. அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"போட்டாச்சு" என்றேன். "நானும் இங்கதான் இருக்கேன்."

என் குரலைக் கேட்டு அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். பிறகு கேட்டார்.

"வண்டி?"

"நம்ம வண்டிதான். எஞ்சின் நல்லாருக்கு. விக்கல."

மறுபடி மூச்சு. பாதி வாய்ச் சிரிப்பின் சத்தம் எனக்குத் தெரியும், அது கேட்டது.

"அப்ப... தொழுதுக்கிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.